ரெண்டும் இடது கை

என் தலையைப் படம் எடுத்துப் பார்த்துட்டு, "உள்ள ஒண்ணும் இல்லம்மா"ன்னு டாக்டர் சொன்னாரு. "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய மெஷின்? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே"ன்னு அண்ணன் இளிச்சான். மேஜைக்கு அடியில அவனுக்கு ஒரு உதை விட்டேன். உதை நேரா அவன் முழங்கால்ல போய் விழுந்துச்சு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். வீட்டுல இருந்தா கண்ணு முன்னாடி இருக்குற கதவு நிலையிலேயே போய் முட்டிக்கிறவ நான். ஆஸ்பத்திரிக்கு வந்தா மட்டும் எனக்குக் குறி தப்பவே மாட்டேங்குது.

நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு சொல்லுவாங்களே, அந்தக் கதை. ஒவ்வொரு பரிசோதனையா செய்யணும்னு ரெண்டு நாள் படுக்க வச்சிருந்தாங்க. மூணாவது நாள் டாக்டர் தரையில கோடு காமிச்சு நடக்கச் சொன்னாரு. நடந்தேன். கண்ணை மூடிக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாரு. கொக்கு மாதிரி நின்னேன். நாலஞ்சு வார்த்தை சொல்லிட்டு, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துட்டு, அதைத் திருப்பிச் சொல்லுன்னாரு. வார்த்தைகளையும் சொன்னேன், நடுவுல அவர் தன் மாமியாரைப் பத்திச் சொன்ன புகாரையும் சொன்னேன்.

"பாருங்க, ஞாபகமெல்லாம் நல்லாதான் இருக்கு. டென்ஷனா இருக்கும். நல்லா தூங்குங்க, நல்லா சாப்பிடுங்க."

இதைச் சொல்ல இத்தனை படிப்பா! எனக்கு டென்ஷன் இல்ல டாக்டர், எனக்கு இருபத்தஞ்சு வயசு, கையில வச்சிருக்குற சாக்பீஸைத் தேடி ரூம் பூரா அலையறேன், அதனாலதான் டென்ஷன்னு கத்தணும் போல இருந்துச்சு. அம்மா என் கையைப் பிடிச்சு அழுத்தினாங்க. "சரிங்க டாக்டர்"னு எனக்காக அவங்களே சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல எனக்காக எல்லாரும் பேசுவாங்க, என்னைத் தவிர.

எங்களுக்கு சோபா கடை. வாங்கி விக்கிற கடை இல்ல, செய்யற கடை. மரச்சட்டம் வந்து இறங்கும். அதுக்கு ஸ்பிரிங் கட்டி, ஃபோம் ஒட்டி, மேல துணியோ ரெக்ஸினோ தோலோ இழுத்து அடிச்சுக் கொடுப்போம். முன்னாடி கடை, பின்னாடி வீடு. சட்டம், ஸ்பிரிங் எல்லாம் அப்பா. அண்ணன் வேன் ஓட்டுவான், வாடிக்கைக்காரங்க வீட்டுக்குப் போய் அளவு எடுப்பான், எடுத்த அளவைத் தொலைப்பான். வெட்டுறது, தைக்கிறது, ஒட்டுறது மூணும் நான். வாயில எப்பவும் நாலு ஊசியைக் கவ்விக்கிட்டு இருக்கிறதால எனக்குக் குண்டூசின்னு பேரு. வாயில ஊசி இல்லாத நேரத்துலயும் அந்தப் பேருதான் பொருத்தம்னு அண்ணன் சொல்லுவான்.

அப்பாகிட்ட ஒரு பெரிய கத்திரி இருக்கு. கைப்பிடி தேஞ்சு பளபளன்னு இருக்கும். ஆறு மடிப்புத் துணியை வெண்ணெய் மாதிரி வெட்டும். அதை யாரும் தொடக் கூடாது. அண்ணன் ஒரு தடவை அதுல பிளாஸ்டிக் கயிறு வெட்டிட்டு, அப்பா இருக்குற பக்கமே தலை வச்சுப் படுக்காம திரிஞ்சான். அந்தக் கத்திரியை அப்பா அவராவே எடுத்து என் கையில கொடுத்தாரு. "இனிமே கடைக்கு வெட்டுறவ நீதான்"னாரு. மனுஷன் வாயிலேருந்து பாராட்டு வர்றதும் கல்லுலேருந்து நார் உரிக்கிறதும் ஒண்ணு. அதனால அந்த ஒரு வார்த்தையை நான் பத்திரமா வச்சிருந்தேன். என் தலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அந்தக் கத்திரி என் கையை விட்டுப் போகக் கூடாது. எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒண்ணுதான்.

வியாதி திடுதிப்புனு வரல, திருட்டுப் பூனை மாதிரி வந்துச்சு. முதல்ல வார்த்தைதான் போச்சு. ஊசின்னு சொல்ல வந்து சாவின்னு சொல்லுவேன். அளவைப் பார்த்துட்டு டேப்பைக் கீழ வைக்கிறதுக்குள்ள அளவு போயிடும். அப்புறம் கால். சாயங்காலம் வேலை முடிச்சு என் வேலை ரூமை விட்டு வெளிய வந்தா, தரை ஃபோம் மேல கால் வச்ச மாதிரி அமுங்கும். கதவை ஒட்டின சுவத்துல கை வச்சுக்கிட்டுதான் நடப்பேன். தினம் அதே இடத்துல கை வச்சு வச்சு, வெள்ளைச் சுவத்துல என் உள்ளங்கை அளவுக்கு ஒரு அழுக்குத் தடம் விழுந்துடுச்சு. அம்மா ஈரத்துணி வச்சுத் துடைப்பாங்க, மறுநாள் திரும்ப விழும்.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க வைத்தியம். ஆளாளுக்கு ஒரு கண்டுபிடிப்பு. அம்மாவுக்கு, நான் காலையில ஒழுங்கா சாப்பிடாததுதான் காரணம். அண்ணனுக்கு, போன் நோண்டுறதுதான் காரணம். இதைச் சொல்லும்போது அவன் போனைப் பார்த்துக்கிட்டேதான் சொல்லுவான். பக்கத்து மரக்கடைக்காரரு, "பொண்ணு மனசுல யாரோ இருக்காங்க, கேட்டுப் பாருங்க"ன்னு அப்பாகிட்ட குசுகுசுன்னு சொன்னாரு. என் மனசுல ஒருத்தன் இருந்திருந்தாலும் அவன் பேரே எனக்கு மறந்திருக்கும், அது அவருக்கு எங்க தெரியுது! அப்பா மட்டும் காரணம் தேடல. நான் தள்ளாடுறதைப் பார்த்தா, "வெயில்ல நிக்காதே, போ, போய் ஏசில கொஞ்சம் படு"ம்பாரு. நானும் போய்ப் படுப்பேன். எழுந்திருக்கும்போது இன்னும் மோசமா இருக்கும்.

அந்த ஏசி ரூமைப் பத்திச் சொல்லணும். முன்னெல்லாம் ஒட்டுறதைப் பின்னாடி திறந்த கொட்டகையிலதான் செய்வோம். ஃபோம் ஒட்டுற பசையை நாங்க சொல்யூஷன்னு சொல்லுவோம். டின்ல வரும், பிரஷ்ஷால தடவி, கொஞ்சம் காய விட்டு, அழுத்தணும். வெயில் காலத்துல அது தடவுறதுக்குள்ள காஞ்சிடும். போதாததுக்கு மரக்கடையிலேருந்து தூள் பறந்து வந்து பசை மேல உட்காரும். நான் ஒரு நாள் கோபத்துல பிரஷ்ஷைத் தூக்கி எறிஞ்சு, "இது மரத்தூள் போட்ட சோபான்னு போர்டு மாட்டுங்க"ன்னு கத்தினேன். அப்பா கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல சாமான் போட்டு வச்சிருந்த ரூமைக் காலி பண்ணாரு. ஏசி வாங்கி மாட்டினாரு. வீட்டுல அவர் படுக்குற ரூம்ல கூட ஏசி கிடையாது, எனக்கு மாட்டினாரு. அதுலேருந்து வெட்டுறது, தைக்கிறது, ஒட்டுறது மூணும் அங்கதான்.

அதோட விட்டாரா? சோபாக்காரன் கதவு அடைச்சா எப்படி அடைப்பான்? ஜன்னல் சந்து பூரா ரெக்ஸின் பட்டை வெட்டி ஒட்டினாரு. கதவுக்கு உள்பக்கம் ஃபோம் வச்சு, மேல மெரூன் ரெக்ஸின் இழுத்து, வரிசையா பட்டன் அடிச்சு, ஓரத்துல குழாய் மாதிரி உருட்டித் தச்ச விளிம்பு வச்சாரு. சாத்தினா சத்தம் கூட வராது, "ப்ஃப்"னு உட்காரும். எங்க ஊசி போச்சு, எங்க நூல் முடிஞ்சுதுன்னு எனக்கே தெரியாதபடி அவ்வளவு சுத்தமான வேலை. "ஒரு எறும்பு நுழையட்டும் பார்ப்போம்"னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் திறந்து மூடிக் காமிச்சாரு. அண்ணன் மூணு நாள் பொறாமையில வெந்தான். "மகாராணி ஏசில உட்கார்ந்து பசை தடவுறாங்க, நான் வெயில்ல வேன் ஓட்டுறேன்." எனக்குப் பெருமை தாங்கல.

சரி, டாக்டர் கதைக்கு வர்றேன். ஒரு டாக்டர் இல்ல, பல பேரைப் பார்த்தாச்சு. காது டாக்டர் காதுல தண்ணி விட்டுப் பார்த்தாரு. கண் டாக்டர் கண்ணாடி மாத்திப் பார்த்தாரு. எல்லாரும் மறக்காம ஒரு கேள்வி கேட்டாங்க: "என்ன வேலை பண்றீங்க?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா நடுவுல பாய்வாங்க. "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர், வீட்டோடதான் இருக்கா. பொழுது போகக் கொஞ்சம் தைப்பா." டாக்டரும் தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு.

வெளிய வந்ததும் சண்டை.

"ஏம்மா, நான் என்ன கைக்குட்டைக்குப் பூ போடுறவளா? மூணு பேர் உட்கார்ற சோபாவைத் தனியா புரட்டிப் போடுறவ நான்!"

"ஆணி அடிக்கிறா, பசை தடவுறா, சோபா புரட்டுறான்னு பொண்ணைப் பத்தி வெளிய தம்பட்டம் அடிக்கச் சொல்றியா? நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. தையல்னு சொன்னா என்ன குறைஞ்சுது? நீ தைக்கிறதில்லையா?"

"தைக்கிறேன்தான். அதுக்காக..."

"அப்புறம் என்ன பொய் சொல்லிட்டேன்?"

அம்மாகிட்ட வாதாடுறது செவிடன் காதுல ஊதின சங்கு. நானும் விட்டுட்டேன். என்ன வேலைன்னு சொன்னா மட்டும் வியாதி போயிடவா போகுதுன்னு நினைச்சேன். அந்த நேரத்துல என் மூளை அவ்வளவுதான் வேலை செஞ்சுது.

அப்புறம்தான் அந்த ஹோட்டல் வேலை வந்துச்சு. வரவேற்புக் கூடத்துக்கு சோபாக்கள், அத்தனையும் அசல் தோல். ஹோட்டல் மேனேஜர் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாரு. அப்பாவுக்கு இது வாழ்நாள் வேலை. தோல் வந்து இறங்கின அன்னைக்கு அதைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, "குண்டூசி, இது துணி இல்ல. தப்பா வெட்டினா திரும்ப வராது"ன்னாரு. "தெரியும்பா, நான் என்ன இன்னைக்கா கத்திரி பிடிக்கிறேன்"னு எரிஞ்சு விழுந்தேன்.

சோபாவோட கை இருக்கே, அதுல இடது வலது உண்டு. அட்டையில வரைஞ்ச மாதிரியை வச்சு இடது கைக்கு உறை வெட்டிட்டு, வலது கைக்கு வெட்டும்போது அட்டையைக் கவுத்து வைக்கணும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல கத்துக்கிற பாடம். நான் இடது வெட்டினேன். அட்டையைக் கவுத்தேன்னு சத்தியமா நம்பினேன். வெட்டினேன். இப்படியே எல்லாத்தையும் வெட்டி அடுக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அப்பா எடுத்து சட்டத்து மேல வச்சுப் பார்த்தாரு. ஒண்ணு உட்கார்ந்துச்சு. இன்னொண்ணு உட்காரல. அடுத்த ஜோடியை எடுத்தாரு. எல்லாமே இடது கை.

"அட்டையைக் கவுக்கலையா?"

"கவுத்தேன்பா. நான் சரியாதான் வெட்டினேன்."

"சரியாத்தான் வெட்டினியா? அப்ப இந்த சோபாவுக்கு ரெண்டும் இடது கையா?"

"கவுத்தேன்! என் கையால கவுத்தேன்!"

அப்பா கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், கணக்கு சரியாயிருக்கும். அவர் கையை நீட்டினாரு. எதுக்குன்னு புரியாம நான் அவர் கையையே பார்த்தேன். "கத்திரி"ன்னாரு. கொடுத்தேன். அதைத் தன் சட்டையில துடைச்சு, தன் மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டினாரு. "நீ முன்னாடி கடையில உட்காரு. போன் வந்தா எடு. மத்ததை நான் பார்த்துக்கிறேன். இந்த வேலை முடிஞ்சதும் அண்ணனுக்கு வெட்டக் கத்துக் கொடுக்கிறேன்."

அண்ணனுக்கா! அளவைக் காகிதத்துல எழுதி, அந்தக் காகிதத்துல சாப்பாடு மடிச்சு எடுத்துட்டுப் போறவனுக்கா! அன்னைக்கு நான் அழுதேன், ஒளிஞ்செல்லாம் அழல, எல்லாரும் பார்க்க நடுவீட்டுல உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்துல வந்து, "விடு கண்ணு, உடம்பு முக்கியம்"னாங்க. அண்ணன் கூட கிண்டல் பண்ணல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. அண்ணன் கிண்டல் பண்ணலைன்னா என் நிலைமை அவ்வளவு மோசம்னு அர்த்தம்.

அப்பா புதுசா தோல் வரவழைச்சு, ஏசி ரூம்ல போய் உட்கார்ந்தாரு. நான் முன்னாடி கடையில, வாசலைப் பார்த்து, ஈ ஓட்டிக்கிட்டு. போன் எடுத்தேன். வந்தவங்களுக்குத் துணி சாம்பிள் காமிச்சேன். முதல் சில நாள் எரிச்சலைத் தவிர ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒரு நாள், உயரத் தட்டுலேருந்து ஒரு துணிச்சுருளை எடுக்க ஸ்டூல் மேல ஏறி, எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். இறங்கின பிறகுதான் உறைச்சுது. ஏறி மாசக்கணக்காச்சே! மறுநாள் ஒரு வாடிக்கைக்காரம்மா வந்தாங்க. போன வாரம் அவங்க பார்த்துட்டுப் போன துணியோட பேர், நிறம், அவங்க பேத்திக்குச் சளி பிடிச்சிருந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

ஓடிப் போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவுக்கு முகமெல்லாம் பல்லு. "நான் அப்பவே சொல்லல? அந்த வேலை உனக்கு ஆகல. டாக்டர் சொன்ன டென்ஷன்தான். கத்திரியை விட்டே, எல்லாம் சரியாயிடுச்சு."

கேட்டீங்களா நியாயத்தை! விழுந்தப்போ எனக்கு வேலை செய்யத் தெரியலன்னாங்க. எழுந்து நின்னா, வேலை செய்யாததால எழுந்தேங்கிறாங்க. நோவு வந்தாலும் கத்திரி போச்சு, நோவு போனாலும் கத்திரி போச்சு. இவங்களை வச்சுக்கிட்டு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?

இதுக்கு நடுவுல அப்பாகிட்ட ஒரு மாத்தம். முதல்ல நான் கவனிக்கல, அவர் மேல இருந்த கோபத்துல அவர் முகத்தையே பார்க்கல. சாப்பிட உட்காரும்போது, "ஆணிப் பெட்டி வந்துச்சா?"ன்னு அண்ணனைக் கேட்டாரு. வந்துடுச்சுன்னான். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "ஆணிப் பெட்டி வந்துச்சா?"ன்னாரு. வந்துடுச்சுப்பா. கை கழுவிட்டு வந்து, "ஏன்டா, ஆணிப் பெட்டி..."ன்னாரு. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சு, "அப்பனுக்குப் பொண்ணு தப்பாம பொறந்திருக்கு"ன்னான். அம்மா சிரிச்சுட்டாங்க. "வயசாகுதுல்ல, ராப்பகலா உழைக்கிறாரு"ன்னாங்க. பாருங்க, அவருக்கு வந்தா உழைப்பு, எனக்கு வந்தா போன்.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா வெட்டின உறைகளை எடுத்துட்டு வெளிய வந்தாரு. "இந்தா, பார்த்துக்கோ, இப்படித்தான் வெட்டணும்"னு என் முன்னாடி மேஜையில போட்டாரு. வேணும்னே போட்டாரு, எனக்குப் பாடம் சொல்ல. நான் ஒண்ணை எடுத்து சட்டத்து மேல வச்சேன். உட்கார்ந்துச்சு. அடுத்ததை எடுத்து மறுபக்கம் வச்சேன். உட்காரல. திருப்பிப் பார்த்தேன், புரட்டிப் பார்த்தேன். அடுத்த ஜோடி. அதுக்கு அடுத்த ஜோடி.

முதல்ல எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். நல்லா வேணும்னு மனசு ஒரு குதி குதிச்சுது. "அப்பா, ரெண்டும் இடது கை"ன்னேன்.

"என்னடி உளர்றே? அட்டையைக் கவுத்துதான் வச்சேன். நான் சரியாதான் வெட்டினேன்."

அதே வார்த்தை. சொல்லிக்கிட்டே என் பக்கம் ரெண்டு எட்டு வைக்கப் பார்த்தாரு, உடம்பு ஒரு பக்கமா சாஞ்சுது, கையை நீட்டிச் சுவத்துல ஊணினாரு. எங்க தெரியுமா? என் அழுக்குத் தடம் இருக்குதே, அதுக்கு மேலேயே. அம்மா துடைச்சுத் துடைச்சு மங்கிப் போயிருந்த என் உள்ளங்கை மேல அவரோட பெரிய கை உட்கார்ந்துச்சு.

"யானைக்கும் அடி சறுக்கும்பா"ன்னு அண்ணன் ஆரம்பிச்சான். "வாயை மூடுடா"ன்னேன். நான் கத்தின கத்துல அம்மா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாங்க.

நான் நேரா அந்த ரூமுக்குள்ள போனேன். கத்திரி போனதிலேருந்து கோபத்துல அந்தப் பக்கமே போகல. உள்ள கால் வச்சதும் மூக்குல சுருக்குனு ஏறுச்சு, கண்ணு எரிஞ்சுது, தொண்டை கசந்துச்சு. சொல்யூஷன் வாசனை! பொறந்ததிலேருந்து அதுலேயே வளர்ந்தவங்களுக்கு அது வாசனையாவே தெரியாது. கொஞ்ச நாள் வெளிக்காத்துல இருந்துட்டு வந்தேன் பாருங்க, அதான் முகத்துல அறைஞ்சுது. திறந்த டின் அங்கேயே இருந்துச்சு. ஜன்னலைப் பார்த்தேன், ரெக்ஸின் பட்டை. ஏசியைப் பார்த்தேன், அது உள்ள இருக்குற காத்தையேதான் சுத்திச் சுத்தி குளிர வச்சுக்கிட்டு இருந்துச்சு. என் பின்னாடி கதவு தானா வந்து "ப்ஃப்"னு உட்கார்ந்துச்சு. எறும்பு நுழையாத கதவு.

கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கோம். காதுல பார்த்தோம், கண்ணுல பார்த்தோம், மண்டைக்குள்ள கூட பார்த்தோம்.

கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்தேன். "அப்பா, உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான். இந்த ரூம்தான்"னேன். எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தேன். மெதுவா சொல்ல எனக்குத் தெரியாது. கொட்டகையில ஒட்டினவரைக்கும் நல்லா இருந்தேன், ஆஸ்பத்திரியில படுத்தா நல்லா இருந்தேன், கடையில உட்கார்ந்தா நல்லா இருந்தேன், உள்ள போனா மட்டும் போச்சு. இப்ப நீங்க உள்ள போனீங்க, உங்களுக்கும் போச்சு. "உடம்பு சரியில்லைன்னா அதுக்குள்ளேயே போய்ப் படுன்னு அனுப்பினீங்களேப்பா!"

அப்பா ஸ்பிரிங் மட்டும் கட்டி, ஃபோம் போடாத ஒரு சட்டத்து மேல அப்படியே உட்கார்ந்துட்டாரு. ஸ்பிரிங் கிரீச்சுன்னுச்சு. "உனக்காகக் கட்டினேன்டி"ன்னாரு. எனக்குக் கோபம் வரல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். கோபத்தை வச்சு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியும், இதை வச்சு என்ன செய்யறதுன்னு தெரியல.

கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்தாரு. அண்ணன் பிடிக்கப் போனான், தட்டி விட்டாரு. ரூமுக்குள்ள போய்க் கத்திரியை எடுத்துட்டு வந்து, கதவு முன்னாடி மண்டி போட்டாரு. தையல் முடிச்சை வெட்டி அந்த மெத்தையைப் பிரிச்சு எடுக்கப் போறாருன்னு தெரிஞ்சுது. மெரூன் ரெக்ஸின் மேல விரலை ஓட்டினாரு. மேலேருந்து கீழ, கீழேருந்து மேல. விளிம்பைத் தடவினாரு, பட்டனைத் தடவினாரு. திரும்பவும் முதல்லேருந்து தடவினாரு. கத்திரி அப்படியே நின்னுச்சு.

"எங்க முடிச்சுப் போட்டேன்னு..." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாரு. அவர் கண்ணுல அந்த பயத்தைப் பார்த்தேன். கையில சாக்பீஸை வச்சுக்கிட்டு சாக்பீஸைத் தேடுற பயம். இத்தனை நாளா அது எனக்கு மட்டும்தான் தெரிஞ்ச பயம். "ஞாபகம் வரலடி. நான் தச்சது, எனக்கே ஞாபகம் வரல."

கத்திரியைத் திருப்பி, கைப்பிடி என் பக்கம் இருக்குற மாதிரி நீட்டினாரு. "நீ வெட்டு."

எனக்குத் தெரியுமா? அந்தக் கதவை அவர் செஞ்சப்போ பக்கத்துல நின்னு நூல் கோத்துக் கொடுத்தவ நான்தான். ஆனா முடிச்சு எங்கன்னு தினம் அந்தக் கதவைத் திறந்து மூடின காலத்துல கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். கண்ணை மூடினேன். கீல் பக்கம், கடைசி பட்டனுக்குக் கீழ, விளிம்பு மடியிற இடத்துல அவர் பல்லால நூலைக் கடிச்சது ஞாபகம் வந்துச்சு. கத்திரி நுனியை அங்க வச்சேன். நூல் பட்டுன்னு விட்டுச்சு.

மறு வாரம், என் தலையைப் படம் எடுத்த அதே டாக்டர்கிட்ட போனோம், இந்தத் தடவை நோயாளி ரெண்டு பேர். சொல்யூஷன் ஆவி மண்டைக்கு ஏறினா இதெல்லாம் வரும்னாரு, மறுபடி எல்லா பரிசோதனையும் செய்யணும்னாரு. "இனிமே திறந்த இடத்துலதான் அந்த வேலை, சரியா? பெரும்பாலும் சரியாயிடும். முழுசா எப்ப, எவ்வளவுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது"ன்னாரு. அன்னைக்குக் காலையில கூட நான் ஊசியைச் சாவின்னுதான் சொல்லியிருந்தேன். அதனால எனக்கு அவர் சத்தியம் பண்ணாதது பிடிச்சுது.

அப்புறம் பேனாவைத் திறந்துக்கிட்டு என்னைப் பார்த்தாரு. "முன்னாடி தையல்னு சொன்னீங்களே. சரியா சொல்லுங்க, என்ன வேலை பண்றீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எப்பவும் போல அம்மா நடுவுல பாஞ்சுட்டாங்க.

"சோபா செய்யறா டாக்டர். எங்க கடைக்கு வெட்டுறவ இவதான்."

அப்பா தன் பக்கத்து நாற்காலியோட கையைத் தடவி, தையல் எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு.